நிக்கோ மலையில் நிறம் இறங்கும் வாரங்கள்

அக்டோபர் 5

ஜப்பானின் நிக்கோவில் இலையுதிர்காலம். மேலே உள்ள யுமோட்டோவிலும் ரியூசு அருவியிலும் இலைகளில் சிவப்பு பிடித்துவிட்டது. செஞ்ஜோகஹாரா சதுப்புவெளியில் மரங்களை முந்திக்கொண்டு புல் செம்பழுப்பாகிவிட்டது. 1,269 மீட்டரில் உள்ள சூசென்ஜி ஏரிக்கரை இன்னும் பச்சை. 100 மீட்டர் இறங்கினால் சுமார் 0.6 டிகிரி வெப்பம் கூடும். அதனால் நிறமும் படிப்படியாகத்தான் கீழே வரும். தேதி தவறிவிட்டது என்று திரும்பிப் போகிறவர்கள் அதிகம். 200 மீட்டர் மேலோ கீழோ போனாலே போதும்.

அக்டோபர் 14

இரவு வெப்பம் 8 டிகிரிக்குக் கீழே போய்வருகிறது. காம்பின் அடியில் தடுப்பு அடுக்கு உருவாகி, சர்க்கரை இலையிலேயே தேங்கும். வெயில் பட்டால்தான் அதிலிருந்து சிவப்பு நிறமி வரும். மஞ்சள் ஏற்கெனவே உள்ளே இருப்பது, பச்சையம் சிதைந்தால் தெரியும். மூட்டமான வாரத்தில் மேப்பிள் மட்டும் சோபிக்காமல் போவது இதனால்தான். ஒரு மேப்பிள் இலையைத் தூக்கிப் பார்த்தால் அடியிலுள்ள இலையில் மேல் இலையின் நிழல் விழுந்த இடம் மட்டும் மஞ்சளாக, விளிம்பு பிசகாமல் பதிந்திருக்கிறது.

அக்டோபர் 24, சனி

ஏரிக்கு ஏறும் மலைச்சாலையான இரோஹாசாகாவில் நிறம் உச்சம். 48 கொண்டை ஊசி வளைவுகள்: ஏறும் சாலையில் 20, இறங்கும் சாலையில் 28, இரண்டும் ஒருவழி. நிக்கோ ரயில் நிலையத்திலிருந்து ஏரிக்குப் பேருந்தில் வழக்கமாக முக்கால் மணி நேரம். இன்று போன்ற நாளில் மூன்று மணி நேரமும் ஆகலாம். வார நாளில், காலை ஏழுக்குள் பேருந்து ஏறுவதே வழி. அகெச்சிதைரா என்ற காட்சிமுனை ஏறும் சாலையில் மட்டுமே இருக்கிறது. திரும்பும்போது பார்க்கலாம் என்று விட்டால் விட்டதுதான். அங்கே ரோப்காரில் மூன்று நிமிடம். மேலே நன்தாய் மலை, ஏரி, 97 மீட்டர் கெகோன் அருவி மூன்றும் ஒரே பார்வையில். அருவிக்குக் காலை வெயில்தான் நல்லது.

படம் எடுப்பவர்களுக்கு: லென்ஸில் மாட்டும் போலரைசர் வடிகட்டியைச் சுழற்றி இலையின் பளபளப்பை அடக்குங்கள். அகலக் கோண லென்ஸில் வானம் திட்டுத்திட்டாகும், அப்போது கழற்றிவிடலாம். போனில் சிவப்பு அப்பிக்கொள்ளும். வெளிச்சத்தை ஒரு படி குறைக்கவும்.

அக்டோபர் 30

ஒடாஷிரோகஹாரா சமவெளியில் லார்ச் மரங்கள் பொன்னிறம். ஊசியிலை மரம்தான், ஆனாலும் உதிர்க்கும். பலத்த காற்று ஓர் இரவு அடித்தால் மறுநாள் மொட்டைதான்.

நவம்பர் 8

ஏரிக்கரை முடிந்தது. இப்போது கீழே தோஷோகு கோயில் வளாகமும் ஷின்க்யோ பாலமும். ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், பள்ளத்தாக்கில் வெயில் இன்னும் சீக்கிரம் போகும். மதியம் இரண்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.