வீக்கம் எதனால என்று கேட்டார்

"அதை டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்க." மருந்து கொடுக்கும் வேலையில் இருக்கும் யாரும் இந்த வாக்கியத்தைச் சொல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியாது. பெரும்பாலும் அது நியாயமான பதில்தான். ஆனால் ஒரு தடவை சொன்னது மட்டும் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

வயதான ஓர் அம்மா நீட்டிய சீட்டில் இரண்டு மருந்துகள். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் 10 மில்லிகிராம், அது பழையது; 5 ஆக இருந்ததைப் போன முறைதான் 10 ஆக்கியிருந்தார்கள். அதன் கீழே புதிதாக, சிறுநீரை அதிகமாகப் போக வைக்கும் ஃபுரோசமைடு 40, காலையில் ஒன்று. இந்த ஜோடியைப் பார்த்தால் எங்களுக்குக் கை ஒரு நொடி நிற்கும்.

"கால் வீங்குதாம்மா?" என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிக் காட்டினார். வார் அழுத்திய இடம் பள்ளமாகப் பதிந்திருந்தது, இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி. காலையில் எழுந்ததும் பரவாயில்லை, பொழுது சாயச் சாய அதிகமாகிறது என்றார். மூச்சு வாங்குகிறதா, மல்லாந்து படுக்க முடிகிறதா என்றும் கேட்டேன். "வயசாச்சில்ல தம்பி, படி ஏறினா யாருக்குத்தான் வாங்காது?" இதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

அம்லோடிபினால் கால் வீங்குவது அபூர்வம் இல்லை. 5ஐ விட 10ல் அதிகம், ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். உடம்பில் தண்ணீர் கூடிப்போனதால் வரும் வீக்கம் இல்லை அது. அந்த மருந்து சிறு தமனிகளை நன்றாக விரித்துவிடுகிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, தண்ணீர் வெளியே போகிற வழியைக் குறுகலாகவே வைத்திருப்பது மாதிரி. நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. ஃபுரோசமைடு என்ன செய்யும்? சிறுநீரகத்தின் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றும். காலில் கசிவது அப்படியேதான் இருக்கும். அதனால் இந்த வகை வீக்கத்துக்கு அது பெரிதாக உதவாது. பதிலுக்குப் பொட்டாசியம் இறங்கலாம், எழுந்து நின்றால் தலை சுற்றலாம், வயதானவர்கள் விழலாம். அம்லோடிபின் அளவைக் குறைப்பதோ, கூடவே வேறு ரத்த அழுத்த மருந்துகளான ராமிப்ரில் வகையிலோ டெல்மிசார்டான் வகையிலோ ஒன்றைச் சேர்ப்பதோதான் வழக்கமான வழி. அவை சிரைகளையும் விரிப்பதால் வீக்கம் குறையும்.

அதே சமயம், இதயம் தளர்ந்தாலும் இரண்டு காலும் இப்படித்தான் வீங்கும். அப்போது ஃபுரோசமைடுதான் சரியான மருந்து. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அதனால் போன் செய்தேன்.

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இந்த விஷயம் எளிதாகப் போயிருக்கும். "அம்லோடிபினா இருக்கலாம்னு எனக்கும் தெரியும். அவங்க நெஞ்சுல ஸ்டெத் வச்சுப் பார்த்தது நான். நீங்க பார்த்தது சீட்டை. குடுத்துடுங்க." இதில் மறுக்க ஒரு வார்த்தை இல்லை. சரி டாக்டர் என்று வைத்துவிட்டேன்.

அந்த அம்மா என் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன தம்பி, மாத்திரை ஏதாவது மாறிப்போச்சா?"

"இல்லம்மா, ஒரு சந்தேகம், கேட்டுக்கிட்டேன்."

"அப்போ இந்த வீக்கம் எதனால வருது?"

"அதை டாக்டர்கிட்டயே கேட்டுக்கங்கம்மா."

அப்புறம் புது மாத்திரையைப் பற்றி விரிவாகச் சொன்னேன். காலையிலேயே போடுங்கள், ஒரு மணி நேரத்தில் வேலை செய்ய ஆரம்பித்து ஆறு மணி நேரம் வரை சிறுநீர் அதிகமாகப் போகும், சாயங்காலம் போட்டால் தூக்கம் கெடும். படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். தசை பிடித்து இழுத்தாலோ மயக்கம் வந்தாலோ உடனே காட்டுங்கள். எல்லாம் சொன்னேன். இப்போது நினைத்தால் அதுதான் உறுத்துகிறது. இன்னும் வாயில் போடாத மாத்திரையின் பக்கவிளைவுகளை ஒன்று விடாமல் சொன்னவன், அவர் தினமும் போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையைப் பற்றி, அவரே நேராகக் கேட்டும், வாய் திறக்கவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு முன்பு ஒருவர் வறட்டு இருமலுக்குத் திரும்பத் திரும்ப சிரப் வாங்க வந்துகொண்டிருந்தார். ராமிப்ரில் போடுகிறவர். அந்த வகை மாத்திரைகளில் இருமல் தெரிந்த விஷயம்: பிராடிகைனின் என்ற பொருளை உடைக்கும் நொதியை அவை தடுத்துவிடுவதால், அது சேர்ந்து தொண்டையை உறுத்திக்கொண்டே இருக்கும். எத்தனை சிரப் குடித்தாலும் நிற்காது. சொன்னேன். இது மாத்திரையால் இருக்கலாம், டாக்டரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றிவிடுவார் என்று முழுதாகத்தான் சொன்னேன். அவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது போல. மாத்திரையை நிறுத்தினார், இருமல் நின்றது, டாக்டரிடம் போகவே இல்லை. மறுபடி பார்த்தபோது ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 180ஐத் தாண்டியிருந்தது. "நீங்கதானே சார் சொன்னீங்க" என்று நன்றியோடு வேறு சொன்னார்.

ரத்த அழுத்தத்தில் இது ஒரு வம்பு. நோய் பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராது. மருந்துதான் இருமலும் வீக்கமும் தரும். தொல்லை எதிலிருந்து வருகிறதோ அதை நிறுத்துவது மனித புத்திக்கு நியாயமாகத்தான் படும். அதிலும் அம்லோடிபின் மோசம். குளோனிடின் என்ற இன்னொரு ரத்த அழுத்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறி உடனே காட்டிக்கொடுத்துவிடும். அம்லோடிபினோ உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நிறுத்தியவருக்கு முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. "பார்த்தீங்களா, மாத்திரை இல்லாமலே நல்லா இருக்கேன்" என்று தைரியம் வந்துவிடும். அந்த அம்மாவுக்கு அந்த தைரியம் வந்துவிடக் கூடாதே என்றுதான் சொல்லாமல் விட்டேன். இப்படித்தான் எனக்கே நான் சொல்லிக்கொள்கிறேன். டாக்டரிடம் இன்னொரு முறை பேச்சு வாங்கப் பயந்ததும் அதில் எவ்வளவு கலந்திருந்தது என்று பிரித்துச் சொல்ல வரவில்லை.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எடுத்துக்கொண்டு அதற்கு இன்னொரு மருந்து எழுதும் இந்தச் சங்கிலியைப் பற்றி பவுலா ரோஷன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1997லேயே எழுதிவிட்டார்கள். 2020ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து முதியவர்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அம்லோடிபின் போன்ற மருந்தைப் புதிதாகத் தொடங்கியவர்களில் 1.4 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள் ஃபுரோசமைடு போன்ற ஒன்று எழுதப்பட்டிருந்தது. ராமிப்ரில், டெல்மிசார்டான் வகைகளைத் தொடங்கியவர்களில் 0.7 சதவீதம். இரண்டு மடங்கு என்று முதலில் என் பக்கத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டேன். மறுபடி படித்தபோது வேறு மாதிரிப் பட்டது. மருந்தின் குற்றமே இல்லாமலும் 0.7 சதவீதம் பேருக்கு அதே சீட்டு வந்திருக்கிறது. இந்த அம்மா எந்தப் பாதியில் இருந்தார் என்று எந்த ஆய்வும் சொல்லாது. ஸ்டெத் வைத்தவர் சொல்லலாம்.

அடுத்த முறை வந்தபோது, "அந்த மாத்திரை நல்லா கேக்குது தம்பி, வீக்கம் வத்திப்போச்சு" என்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு லேசாக ஏமாற்றமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடனே காரணம் தேடினேன். காலைத் தூக்கி வைத்துப் படுத்தீர்களா என்றேன். ஆமாம், டாக்டர் சொன்னார், தலையணை வைத்துக்கொள்கிறேன் என்றார். அப்படிச் செய்தால் அம்லோடிபின் வீக்கமும்தான் குறையும். ஆக, அதிலிருந்தும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டீர்களா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்கடுத்த சீட்டில் அம்லோடிபின் 5 ஆகியிருந்தது. டெல்மிசார்டான் 40 சேர்ந்திருந்தது. ஃபுரோசமைடும் அப்படியே இருந்தது. முதல் இரண்டும் நான் அன்று போனில் சொல்ல நினைத்ததேதான். மூன்றாவது டாக்டர் அன்று சொன்னது. இரண்டு பேர் சொன்னதும் சரி என்றும் படிக்கலாம். இதயத்துக்கு நிஜமாகவே தேவைப்பட்டிருக்கலாம். அல்லது ஒரு தடவை எழுதிய மாத்திரையை யாரும் அடிக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம், அது எங்கும் நடப்பதுதான். சீட்டை வாங்க மகன் வந்திருந்தார், அவசரத்தில் இருந்தார். ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லி அனுப்பினேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் போன வாரம் இதே ஜோடி எழுதிய ஒரு சீட்டைக் கொண்டுவந்து காட்டினான். எழுதியது வேறு டாக்டர். போன் பண்ணிக் கேள் என்றேன். "பேஷன்ட் கேட்டா என்ன சார் சொல்றது?" என்றான். கொஞ்சம் உட்காரச் சொல், நானே வந்து பேசிக்கிறேன் என்றேன்.