தம்பியைப் போலீஸ் அடித்தபோது நாங்கள் செய்தது

கடலூர் முதுநகரில் திருவிழா ராத்திரி ஒரு கைகலப்பு. போலீஸ் வந்து என் தம்பியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. வழக்கு நடப்பதால் ஸ்டேஷன் பெயர் வேண்டாம். உள்ளே லத்தியால் உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். கைலி சட்டையோடு நிறுத்தினால் வெளியே ஒன்றும் தெரியாது.

ஸ்டேஷன் வாசலில் கூச்சல் போட்ட சொந்தக்காரர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினோம். பணி செய்யவிடாமல் தடுத்ததாக அவர்கள் மேலும் வழக்குப் போட்டால் வெளியே அலைய ஆள் ஏது?

வக்கீல் கேட்ட முதல் கேள்வி எனக்கு விசித்திரமாக இருந்தது. "கூட்டிட்டுப் போறப்ப தம்பி நல்லாதானம்மா நடந்து போனாரு? அதை யார் பாத்தாங்க?" அடிதடி வழக்கில் பிடிபட்டவன் உடம்பில் எந்தக் காயம் இருந்தாலும் "சண்டையில பட்டது" என்று சொல்லிவிடலாமே! பக்கத்துக் கடை கேமராவில் தம்பி தானாக நடந்து ஜீப்பில் ஏறுவது பதிவாகியிருந்தது. அழிவதற்குள் அதை வாங்கி வைத்தோம்.

கைதுக் குறிப்பில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே போட்டேன். கைது செய்யும்போது போலீஸ் பின்பற்ற வேண்டியவை என்று டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விதிகளில் அதுவும் ஒன்று. கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கும் அதை வைத்துத்தான்.

மருத்துவப் பரிசோதனையில்தான் கோட்டை விட்டிருப்போம். போலீஸ்காரர் பக்கத்திலேயே நிற்க, டாக்டர் "எதாவது இருக்கா?" என்றார். தம்பி தலையாட்டினான். காயம் இல்லை என்று எழுதியாயிற்று. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 53-ஆம் பிரிவுப்படி, காயத்தோடு அது ஏற்பட்டிருக்கக்கூடிய உத்தேச நேரத்தையும் டாக்டர் எழுத வேண்டும். அறிக்கையின் நகலும் கைதானவருக்கு உண்டு. எங்களுக்கு வேண்டியது அந்த நேரம்தான்.

ரிமாண்டுக்குக் கொண்டுவந்தபோது, வழியில் "கீழ விழுந்தேன்னு சொல்லிடு" என்று மிரட்டியிருக்கிறார்கள். கோர்ட் வராந்தாவில் வக்கீல் அவனிடம், "வாயால சொல்ல பயமா இருந்தா செருப்பைக் கழட்டிக் காலைக் காட்டு" என்றார். மாஜிஸ்திரேட் முன் காட்டினான். இரண்டு பாதமும் வீங்கிக் கறுத்திருந்தன. மாஜிஸ்திரேட் அதைக் குறித்துக்கொண்டு மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டார். இந்த முறை நேரத்தோடு எழுதினார்கள். கேப்பர் மலை மத்திய சிறையில் சேர்க்கும்போதும் காயங்களைப் பதிந்தார்கள். மாஜிஸ்திரேட் குறிப்பு, மறுபரிசோதனை, சிறைப் பதிவு மூன்றும் ஒத்துப்போயின.

ஜாமீன் கிடைத்ததும் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினோம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் மனு போட்டோம். அதற்குக் கட்டணம் கிடையாது, தமிழிலேயே எழுதலாம்; ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம், 15100 என்ற எண் இருக்கிறது.

ஸ்டேஷன் கேமராப் பதிவையும் கேட்டோம். காவல் நிலையங்களில் கேமரா வைத்துப் பதிவைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "அன்று கேமரா பழுது" என்று எழுத்தில் பதில் வந்தது. எனக்கு எரிச்சல், வக்கீல் முகத்தில் சிரிப்பு. "வாய்ல சொல்லியிருந்தா நமக்கு என்னம்மா பிரயோஜனம்?" என்று அந்தக் கடிதத்தையும் ஆணையத்தின் மனுவோடு சேர்த்துக் கொடுத்தார். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.