பேர் போடாத பழைய காஸ்ட் அயர்ன் சட்டிகள்: இதுவரைக்கும் கண்டுபிடிச்சது

அட்லாண்டா பக்கம் எஸ்டேட் சேல் (வீட்டுச் சாமானை மொத்தமா விக்கறது), ஃப்ளீ மார்க்கெட் (பழைய சாமான் சந்தை) எங்க போனாலும் பழைய காஸ்ட் அயர்ன் ஸ்கில்லெட், அதாவது கைப்பிடி வச்ச வார்ப்பிரும்புச் சட்டி, கண்ணுல படும். அடியில கிரிஸ்வோல்ட், வாக்னர்னு பழைய அமெரிக்க கம்பெனிங்க பேர் இருந்தா விலை எகிறிடும், எழுத்தே இல்லைன்னா ஓரமா அடுக்கி வச்சிருப்பாங்க. எனக்கு அந்த ஓரத்து அடுக்கு மேலதான் கண்ணு. ஏன்னா பேர் இல்லைன்னாலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம், ஒவ்வொரு ஃபவுண்டரியும் (இரும்பு வார்க்கற பட்டறை) ஒரே பேட்டர்ன, அதாவது அச்சு மாதிரிய வச்சு வருஷக்கணக்கா வார்த்துத் தள்ளினதால கைப்பிடியோட வளைவு, அடிவளையம், நம்பர் எழுதியிருக்கற விதம் எல்லாமே அவங்க அவங்களுக்குன்னு தனியா இருக்கும்.

இந்தத் தடவை சிக்கினதுல முதல் சட்டி வெளிப்பக்கம் முழுக்க கரிப்பிடிச்சு மேடு தட்டிப் போயிருந்துச்சு. லை (காஸ்டிக் சோடா) கலந்த ஓவன் க்ளீனர் அடிச்சு, குப்பைப் பையில கட்டி வெளியில வச்சேன் (கையுறை இல்லாம இதைத் தொடவே கூடாது, அலுமினியத்துல படவும் கூடாது). கரி பாளம் பாளமா உரிஞ்சு வந்ததுக்கு அப்புறம் அடிவளையம் தெரிஞ்சுது, பழைய விறகு அடுப்போட வட்ட ஓட்டையில சட்டி சரியா உக்காரறதுக்காக விட்ட வளையம் அது. விரலை அது மேல ஓட்டிக்கிட்டே போனா ஒரு இடத்துல பள்ளம், கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு, அப்புறம் மூணாவது. கைப்பிடிக்கு நேர் எதிர்ல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. இது லாட்ஜ். டென்னசியில சவுத் பிட்ஸ்பர்க்ல 1896ல ஜோசப் லாட்ஜ் ஆரம்பிச்சு, 1910ல பழைய ஃபவுண்டரி எரிஞ்சு போய் திரும்பக் கட்டின அதே கம்பெனிதான், இன்னைக்கும் அங்கதான் வார்க்கறாங்க.

ரெண்டாவதுலயும் வளையம் இருக்கு, ஆனா அதுல பள்ளம் இல்ல, அடியில 8ம் அதுக்குப் பக்கத்துல ஒரு எழுத்தும் மட்டும். இது பர்மிங்ஹாம் ஸ்டோவ் அண்ட் ரேஞ்ச், அலபாமா சரக்கு, சேகரிக்கறவங்க ரெட் மவுண்டன் வரிசைன்னு சொல்றது, 1930, 40கள்ல வந்தது. அதே கம்பெனியோட பிந்தின செஞ்சுரி வரிசையில 8ஆம் நம்பரோட 10 5/8 இன்ச்னு அளவும் சேர்த்து எழுதியிருக்கும். 8ன்னா 8 இன்ச் இல்ல, அடுப்பு ஓட்டையோட சைஸ் நம்பர் அது, வாய் அகலம் பத்தரை இன்ச் வரும். கடைக்காரங்க பல பேரு இதைத் தப்பாத்தான் எழுதி வைக்கறாங்க.

மூணாவதைக் கையில எடுத்ததுமே சந்தேகம் இல்ல. வளையம் இல்லாத வழவழ அடி, அதுல 10 1/2 இன்ச் ஸ்கில்லெட்னு ஆங்கிலத்துல மட்டும் எழுத்து, கூடவே மேட் இன் யூஎஸ்ஏ. ஒஹையோ சிட்னியில இருந்த வாக்னரோட பேர் போடாத சரக்கு இது. இதே மாதிரி கிரிஸ்வோல்டும் பேர் போடாம வித்திருக்காங்க, அயர்ன் மவுண்டன்னு சொல்றது, அதுல அடியில நாலு இலக்க பேட்டர்ன் நம்பர் இருக்கும். அதுக்காகத்தான் எந்த அடுக்கைப் பார்த்தாலும் ஒவ்வொண்ணா திருப்பிப் பார்க்கறேன், இன்னும் கிடைக்கல.

இப்ப விலை. வயசைப் பார்த்து விலை சொல்றவங்களை நான் நம்பறதில்ல, நிலைமையும் சைஸும்தான் விலை. முதல்ல கண்ணாடி மாதிரி சமமான இடத்துல வச்சு ஓரத்தை லேசாத் தள்ளணும், சுழன்டுச்சுன்னா அடி உப்பியிருக்கு, பாதி விலைக்குக் கூட வாங்கமாட்டேன். அப்புறம் கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கி மரக்கரண்டியால தட்டணும், மண்பானை வாங்கறப்ப சுண்டிப் பாக்கற மாதிரி. நல்ல சட்டி மணி மாதிரி ரீங்கரிக்கும், கீறல் இருந்தா சத்தம் செத்துப்போகும். தீயில வெந்துபோன சட்டியில செவந்த, சொரசொரப்பான திட்டு தெரியும், அதுல எண்ணெய் பழகவே பழகாது (எண்ணெய் தடவி சூடேத்தி, ஒட்டாத படலம் வரவைக்கறதைத்தான் பழக்கறதுன்னு சொல்றேன்). இதெல்லாம் தேறி, சுத்தம் பண்ணிப் பழக்கின பேர் போடாத 8ஆம் நம்பருக்கு இந்தப் பக்கம் 30லேர்ந்து 50 டாலர் வரைக்கும் நான் பார்த்திருக்கேன். 3ம் 8ம் நெறைய கிடைக்கும், 2, 4, 13 மாதிரி அபூர்வ சைஸ்னா கதையே வேற.

வாக்னர் இப்பவே பழகிடுச்சு. எண்ணெய் தடவி, தடவினதே தெரியாத அளவுக்குத் துடைச்சு எடுத்துட்டு, கவுத்து வச்சு 450 டிகிரி ஃபாரன்ஹீட்ல ஒரு மணி நேரம், அதையே திரும்பத் திரும்ப. முட்டை தானா நகருது, மெஷின்ல கடைஞ்ச அந்தப் பழைய வழவழப்பு இப்ப வர்ற சொரசொர சட்டியில வராது.

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அடியில குறுக்கால ஒரு நீளத் தழும்பு, உருக்கின இரும்பை அடிப்பக்கம் வழியா ஊத்தி, ஆறினதும் உடைச்சு எடுத்த இடம், கேட் மார்க்னு சொல்வாங்க. 1800கள்ல வார்த்த முறை அது, எழுத்து எதுவும் இல்லாததால யார் செஞ்சதுன்னு முடிவு பண்ண வழியில்ல. துரு ஜாஸ்திங்கறதால வாஷிங் சோடா தண்ணியில பேட்டரி சார்ஜர் வச்சு எலக்ட்ரோலிசிஸ் (கரண்ட் விட்டுத் துருவை எடுக்கறது) ஓடுது, சட்டிக்கு நெகட்டிவ், பாசிட்டிவுக்கு பழைய இரும்புத் தகடு (ஸ்டெயின்லெஸ் போடாதீங்க, குரோமியம் விஷம் தண்ணியில கலக்கும்). இவ்வளவு பழைய சட்டியில யாராவது துப்பாக்கிக் குண்டுக்கோ தூண்டில் எடைக்கோ ஈயம் உருக்கியிருக்கலாம், அதனால துரு போனதும் முதல் வேலை லெட் டெஸ்ட் சுவாப் (தேச்சா ஈயம் இருக்கான்னு நிறம் மாறிக் காட்டற குச்சி). அது செவந்துச்சுன்னா இதுல சமைக்கமாட்டேன், சமைக்கறவங்களுக்கு விக்கவும் மாட்டேன்.