கண்ணாடியில் ஒரு எட்டு

தென்கொரியாவின் சூவோன் நகரில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் இமோவுக்கு 68 வயது. இமோ என்றால் சித்தி. ரத்த உறவு இல்லாவிட்டாலும், பழகிய மூத்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மகள் பெயரை வைத்து அவர் என்னை ‘நிலா ஒம்மா’ என்பார்.

போன வருடம் ஜனவரியில் ஒருநாள், அவர் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியில் விரலால் இரண்டு கோடு இழுத்துக் காட்டினார். மேலே நெருங்கி, கீழே விலகி, ஓட்டுக்கூரை மாதிரி. சீன எழுத்தில் அது எட்டு. மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் மடிப்புக்கு இங்கே ‘பல்ஜா ஜூரும்’ என்று பெயர். எட்டு வடிவச் சுருக்கம். பல்ஜாவுக்குத் தலையெழுத்து என்றும் ஒரு அர்த்தம் உண்டு. “இந்தப் பல்ஜாவைக் கொஞ்சம் சரி பண்ணலாம், நிலா ஒம்மா” என்றார்.

எனக்கு அப்போது 46. சர்க்கரைக்குப் பயந்து ஆறே மாதத்தில் 11 கிலோ குறைத்திருந்தேன். உடம்புக்கு நல்லது நடந்தது. முகத்தில்தான், கன்னத்தில் இருந்ததெல்லாம் வடிந்து தாடையோரத்தில் வந்து நின்றுவிட்டது. போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் நழுவிவிடுவேன். ஒரு தடவை அழுதும் இருக்கிறேன்.

இமோ முதலில் செய்த காரியம், என்னிடம் இருந்த கிரீம் டப்பாக்களைக் கவிழ்த்துப் பின்பக்கத்தைப் படித்ததுதான். கொரியாவில் ‘சுருக்கத்தைக் குறைக்கும்’ என்று ஒரு கிரீம் டப்பாவில் எழுத வேண்டுமானால், உணவு மருந்துப் பாதுகாப்பு அமைச்சகத்தின் விதிப்படி அது ‘செயல்திறன் அழகுப்பொருள்’ என்ற வகைக்குள் வர வேண்டும். அதற்கு அமைச்சகமே சில பொருட்களுக்கு அளவு குறித்து வைத்திருக்கிறது. அடினோசின் என்றால் 0.04 சதவீதம். வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் என்றால் கிராமுக்கு 2,500 ஐயூ (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு). கொலாஜன் என்பது தோலை உறுதியாகத் தாங்கும் புரதம். என்னிடம் இருந்த மூன்று கொலாஜன் கிரீம்களில் இரண்டின் பின்னால் சுருக்கத்தைக் குறைக்கும் என்று சொல்லும் அந்த ‘ஜூரும் கேசொன்’ என்ற சொல்லே இல்லை. நான் இவ்வளவு நாளும் முன்பக்கத்துப் பொன் எழுத்தை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

கொலாஜனை மேலே தடவினால் அது தோலுக்குள் போகாது. தோலின் மேலடுக்கைத் தாண்டிப் போகிற மூலக்கூறின் எடை ஏறக்குறைய 500 டால்டனுக்குள் (மூலக்கூறு எடையின் அலகு) இருக்க வேண்டும் என்பார்கள். முழுக் கொலாஜன் மூன்று லட்சம் டால்டன். அது மேலேயே தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். அன்றைக்கு முகம் புஷ்டியாகத் தெரியும், அவ்வளவுதான். ரெட்டினால் அப்படியில்லை, உள்ளே போய், கொலாஜன் உண்டாக்கும் செல்களைத் தூண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு அவசரம். தினமும் ராத்திரி ரெட்டினால் பூசினேன். பத்தாவது நாள் வாயோரம் சிவந்து உரிந்து, புளிப்பு பட்டாலே எரிந்தது. இமோ திட்டவில்லை. இரண்டு வாரம், தோலின் ஈரத்தைக் காக்கும் செராமைடு கிரீம் மட்டும் போடச் சொன்னார். அப்புறம் வாரத்துக்கு இரண்டு ராத்திரி, அதுவும் ஒரு பட்டாணி அளவு. கழுத்துக்கு ரெட்டினால் வேண்டாம், அங்கே தோல் மெல்லியது, அடினோசினே போதும் என்றார். பூசும்போது இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் சூடாக்கி, கன்னத்தில் அப்படியே ஒற்றிப் பத்து எண்ண வேண்டும். அவர் கை என் முகத்தில் இருந்த அந்தப் பத்து எண்ணிக்கையை என்னால் மறக்க முடியாது. என் அம்மாவுக்குப் பிறகு யாரும் என் முகத்தை அப்படித் தொட்டதில்லை.

நடுவில் ஒரு ‘பிபுக்வா’வுக்கும் போனேன். பிபுக்வா என்றால் தோல் மருத்துவமனை. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஆலோசனை மேலாளர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அல்ட்ராசவுண்டு லிஃப்டிங், மூன்று தடவை, 15 லட்சம் வோன், இன்றே கட்டினால் தள்ளுபடி. அந்தச் சிகிச்சை பொய்யில்லை. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிக்கிற மாதிரி, ஒலி அலையைத் தோலுக்கடியில் 4.5 மில்லிமீட்டரில் குவித்துச் சூடேற்றுவார்கள். முகத்தை இழுத்துக் கட்டும் அறுவையில் மருத்துவர்கள் பிடித்து இழுக்கும் அதே அடுக்கு அது. சூடு பட்ட கொலாஜன் சுருங்கி, புதியது உருவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆனால் சதை குறைந்த முகத்துக்கு இதைச் செய்தால் கன்னம் இன்னும் குழிந்து போகலாம். அதை எனக்குச் சொன்னது அங்கே இருந்தவர்கள் இல்லை. பணம் கட்டாமல் எழுந்து வந்து, எங்கள் தெருவில் இருக்கும் சின்ன மருத்துவமனைக்குப் போனேன். அங்கே டாக்டர் என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்களுக்குக் கனம் கூடித் தொங்கவில்லை. உள்ளே காலியாகித் தொங்குகிறது. இந்த மெஷின் வேண்டாம். முதலில் எடை ஒரு வருடம் ஒரே இடத்தில் நிற்கட்டும்.” ஒரு மருத்துவர் ‘வேண்டாம்’ என்று சொன்னதற்காக நான் நன்றி சொல்லிக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

சன்கிரீம் விஷயத்தில் இமோ கறார். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ஆள்காட்டி விரல் நீளத்துக்கும் நடுவிரல் நீளத்துக்கும் ஒவ்வொரு கோடு பிதுக்கியாக வேண்டும். டியூபில், யுவிஏ கதிரை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ‘பிஏ’வுக்குப் பக்கத்தில் நான்கு கூட்டல் குறி இருக்கிறதா என்று பார்ப்பார். வெயிலில் இருக்கும், கொலாஜனை அரிக்கும் இந்த யுவிஏ கதிர் மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும்; அதனால் வீட்டில் இருக்கும் நாளுக்கும் விதிவிலக்கு கிடையாது. காலையில் ஹ்வாசொங் கோட்டை மதிலோரம் நடக்கப் போவோம். சுற்று முழுக்க 5.7 கிலோமீட்டர். மூக்கு நுனி வரை மறைக்கும் கறுப்பு வைசர் தொப்பியோடு அவர் முன்னால் போவார்.

பதினான்கு மாதம் ஆகிவிட்டது. தாடைக்கோடு பழையபடி வரவில்லை. எட்டு அப்படியேதான் இருக்கிறது, இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் ஆழம் குறைந்திருக்கிறது. கன்னத்தைத் தொட்டால் காகிதம் மாதிரி இல்லாமல் தோலாக இருக்கிறது. போட்டோவுக்கு இப்போது நிற்கிறேன்.

வருகிற வியாழன் இமோவுக்கு மேலிமை அறுவை. இமை தொங்கிக் கண்ணை மறைக்கிறது. அதற்குக் கிரீம் கிடையாது, வெட்டித் தைப்பதுதான் வழி என்று அவரே டாக்டரைத் தேடிப் போய்ப் பேசி முடித்துவிட்டார். துணைக்கு நான் போகிறேன். ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்களாம். அதுவரை அவர் கன்னத்திலும் கழுத்திலும் கிரீம் ஒற்றிவிடுவது என் வேலை.