ஐந்தாவது படி

மொட்டை மாடிக்கு ஏறும் மரப்படியில் ஐந்தாவது படி மட்டும் இன்னும் கிரீச்சென்கிறது.

கன்னியாகுமரியில் அந்தப் பழைய லாட்ஜைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். இன்று சாயங்காலம் போனேன். சுவருக்கு மறுபடி சுண்ணாம்புப் பூச்சு, ஓடு புதுசு. மாடியில் இப்போது ஹோட்டல். சாயா 80 ரூபாய்! (கீழே ரோட்டில் குடித்திருக்கலாம்.)

சாயா கொண்டுவந்த தம்பியிடம் படியைப் பற்றிக் கேட்டேன்.

"ஆசாரி சரி பண்ணத்தான் போனாரு அண்ணே. முதலாளிதான் அது அப்படியே கெடக்கட்டும்னுட்டாரு."

1985இல் மதுரை மாமா இங்கே தங்கியிருந்தபோது, சித்ரா பௌர்ணமிக்கு அப்பா என்னை இதே மாடிக்குக் கூட்டி வந்தார். ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறியது. கடலுக்குள் விவேகானந்தர் மண்டபம் மட்டும்தான்.

இப்போது பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர். 2000இல் வந்தவர். இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். வேடிக்கை பார்க்க நிறையச் சேர்ந்துவிட்டது. ஆனாலும் என் கண் நிலா வந்த அந்தப் பக்கத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்கு அப்பா அந்தப் படியை மிதித்ததும், "மெல்ல வாலே, மாமா முழிச்சிருவாரு" என்றார்.

இறங்கும்போது நானும் மெல்லத்தான் மிதித்தேன்.