ட்யூப் திறந்த நாள் முதல்: படர்தாமரைக்கு க்ரீம் போடும் நான்கு வாரம்

2025 ஜூன் 2, திங்கள்

தொடையிடுக்கில் ஒரு பக்கம், உள்ளங்கை அளவுக்குப் படர்தாமரை. விளிம்பு தடித்துச் செதில் உதிர்கிறது, நடுப்பகுதி ஆறினாற்போலத் தெளிந்து கிடக்கிறது. பலருக்கும் வருவது இந்த வடிவில்தான். ஆகவே இப்படியொரு படைக்கு இன்று க்ரீம் தொடங்குவதாக வைத்துக்கொண்டு, அதன் கூடவே இந்தக் குறிப்பையும் எழுதிப் போகிறோம்.

முதலில் இது பூஞ்சைதானா என்று பார்க்க வேண்டும். விளிம்பில் செதிலும், நாளுக்கு நாள் வெளிப்பக்கமாக அகலும் வளையமும் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. நிறத்தை நம்ப முடியாது. மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் சிவப்புக்குப் பதில் பழுப்போ கருஞ்சாம்பலோதான் தெரியும். விதைப்பையும் சேர்ந்து புண்ணாகி, ஓரத்தைத் தாண்டிச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் சிதறிக் கிடந்தால் அது கேண்டிடா என்ற ஈஸ்டாக இருக்கலாம். படர்தாமரை வழக்கமாக விதைப்பையை விட்டுவிடும். தடித்த விளிம்பும் பெரிதாக அரிப்பும் இல்லாத, ஒரே சீரான பழுப்புத் திட்டு என்றால் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றையும் நினைக்க வேண்டும். திட்டு முழுக்கவே செதிலாகி நீர் கசிந்தால் நாணய எக்ஸிமா என்ற, தொற்று அல்லாத தோல் அழற்சியாக இருக்கலாம். வளையம் இருந்தும் செதிலே இல்லையென்றால் பூஞ்சையாக இருப்பது அரிது.

சந்தேகம் இருந்தால் ட்யூபைத் திறக்காமல் இருப்பது நல்லது. விளிம்புச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். எளிய சோதனைதான். ஆனால் சில நாட்கள் க்ரீம் போட்ட பிறகு சுரண்டினால், பூஞ்சை இருந்தும் இல்லையென்று காட்டிவிடும்.

ஜூன் 3, செவ்வாய்

ட்யூபின் முன்பக்கத்துப் பெரிய எழுத்து வணிகப் பெயர். நாம் படிக்க வேண்டியது அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரும் சதவீதமும்.

க்ளோட்ரிமசோல் 1 சதவீதம், மைக்கோனசோல் 2 சதவீதம், கீட்டோகோனசோல் 2 சதவீதம், லூலிகோனசோல் 1 சதவீதம் எல்லாம் அசோல் குடும்பம். பூஞ்சையின் உறைக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு வேண்டும். அதை உண்டாக்கும் வேலையை இவை தடுக்கின்றன. டெர்பினஃபைன் 1 சதவீதம் வேறு குடும்பம். அதே வேலையை இன்னும் முன்கட்டத்திலேயே நிறுத்திவிடும். அதனால் பூஞ்சையின் உள்ளே ஸ்குவாலீன் என்ற கொழுப்புப் பொருள் தேங்கி அதையே கொல்கிறது. பழைய அசோல்கள் பெரும்பாலும் வளர்ச்சியைத்தான் நிறுத்தி வைக்கின்றன. பழைய செதில் உதிர்ந்து புதுத்தோல் வரும்வரை விடாமல் போட வேண்டியது அதனால்தான். க்ளோட்ரிமசோல் நாளுக்கு இருமுறை, 2 முதல் 4 வாரம். டெர்பினஃபைன் உடம்புக்கும் தொடையிடுக்குக்கும் பொதுவாக 1 முதல் 2 வாரம். நிஸ்டாட்டின் கேண்டிடாவுக்கு மட்டும்தான் கேட்கும். படர்தாமரைக்கு அதைப் போடுவதும் போடாமல் இருப்பதும் ஒன்றே.

நாம் தொடரப் போகும் ட்யூப் க்ளோட்ரிமசோல் 1 சதவீதம். காலை, இரவு, 4 வாரம்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரே ட்யூபில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு என்று மூன்றையும் கலந்து வருகிற க்ரீம்கள் இருக்கின்றன. பொடி எழுத்தில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது ஸ்டீராய்டு. போட்ட இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும். 'என்ன அருமையான மருந்து' என்று தோன்றும். அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து உடம்பு செய்கிற சண்டை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது, பூஞ்சை தடையில்லாமல் பரவுகிறது. நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்பும், மறுபடி அதே ட்யூப். சில மாதத்தில் வளைய வடிவமே கலைந்து, பார்த்த மாத்திரத்தில் படர்தாமரை என்று சொல்ல முடியாதபடி ஆகிவிடும். தொடையிடுக்கு, அக்குள் போன்ற மடிப்புகளில் தோல் மெலிந்து, வயிற்றுத் தழும்பு போலக் கோடு கோடாகக் கிழியும். அந்தக் கோடுகள் மங்கலாம், முழுதாகப் போகாது. முகத்தில் போட்டால் பருவும் நீடித்த சிவப்பும் தனி.

பல மாதங்களாக அப்படி ஒன்றைப் போட்டுவந்தவர் திடீரென நிறுத்தினால் எரிச்சல் கொதித்தெழும். அவர்கள் மருத்துவரிடம் காட்டி மாற வேண்டும்.

ஜூன் 4, புதன்

போடும் முறை. கையைக் கழுவுங்கள். இடத்தை வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புடன் கழுவுங்கள். பிரஷ், கொதிக்கும் நீர், கிருமிநாசினிக் கரைசல் எதுவும் வேண்டாம், தோல் இன்னும் உடையும். பிறகு ஈரம் துளியும் இல்லாமல் ஒற்றி எடுங்கள். அந்த இடத்துக்கென்று தனித் துண்டு. மடிப்பில் ஈரம் நின்றபடியே க்ரீம் போட்டால் தோல் ஊறி வெளுக்கும், பூஞ்சைக்கு அதைவிட வசதி வேறில்லை.

க்ரீமை வெளியிலிருந்து உள்ளே தடவ வேண்டும். படையின் விளிம்புக்கு 2 சென்டிமீட்டர் வெளியே, நல்ல தோல் போலத் தெரிகிற இடத்தில் தொடங்கி நடுவுக்கு வாருங்கள். பூஞ்சையின் முன்வரிசை கண்ணுக்குத் தெரிகிற விளிம்பைத் தாண்டித்தான் இருக்கும். பலர் நடுவில் அப்பிவிட்டு விளிம்பில் வழித்துவிடுகிறார்கள், மறுவாரம் படை ஒரு சுற்றுப் பெரிதாகியிருக்கும். வெண்மை மறையும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்தால் போதும். பத்து நிமிடம் காற்றாட விட்டு உடை அணியலாம். மேலே பிளாஸ்டரோ பிளாஸ்டிக் தாளோ சுற்ற வேண்டாம். க்ரீம் காயாமல் மேலே பவுடர் தூவினால் களியாகி மடிப்பில் உரசும். கடைசியில் மறுபடி கை கழுவ வேண்டும், கையே நோய்ப்பட்ட இடமாக இருந்தால் ஒழிய.

ஜூன் 6, வெள்ளி

எவ்வளவு க்ரீம்? பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரலில் கடைசி மடிப்புக் கோட்டிலிருந்து நுனிவரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இதுதான் ஒரு விரல்நுனி அளவு. விரல்களைச் சேர்த்து விரித்த கை இரண்டின் பரப்புக்கு அது போதும்.

நம் படையோடு வெளிவரம்பு 2 சென்டிமீட்டரையும் சேர்த்தால் ஒரு கைப் பரப்பு. ஒரு வேளைக்குக் கால் கிராம், நாளுக்கு அரை கிராம், 28 நாளுக்கு 14 கிராம். 15 கிராம் ட்யூப் ஒன்று மட்டுமட்டாகப் போதும். இரண்டு பக்கமும் இருந்தால் 28 கிராம், அதாவது இரண்டு ட்யூப். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டு வாங்கி வைப்பது நல்லது. சிகிச்சை பாதியில் நிற்பதற்குப் பெரிய காரணம், ட்யூப் தீர்ந்ததை நோய் தீர்ந்ததாக எடுத்துக்கொள்வதுதான். மாறாக, ஒரு மாதம் போட்டும் பாதி ட்யூப் மீதம் என்றால், மருந்து கேட்கவில்லை என்று சொல்வதற்கு முன் போட்ட அளவைச் சந்தேகிக்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

ஒரு வாரம். அரிப்பு குறைந்திருக்கும், விளிம்பின் தடிப்பு தணியும், வளையம் அகல்வது நின்றிருக்கும். படை மறைந்திருக்காது, மறைய வேண்டும் என்றும் இல்லை.

போட்டவுடன் சில நிமிடம் லேசாக எரிவது சகஜம். நாளுக்கு நாள் எரிச்சல் கூடி, படை இல்லாத இடத்திலும் தடித்து, கொப்புளம் கிளம்பினால் ஒவ்வாமை. கழுவி எடுத்து நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டவும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு: ஒவ்வாமை மருந்துக்கு மட்டுமல்ல, க்ரீமின் அடித்தளத்தில் உள்ள ப்ரொப்பிலீன் கிளைக்கால், சீட்டோஸ்டியரில் ஆல்கஹால் போன்றவற்றுக்கும் வரும். வேறு மருந்து வாங்கியும் அதே எரிச்சல் என்றால் இரண்டு ட்யூபின் சேர்மானப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜூன் 14, சனி

தொடையில் க்ரீம் போடுகிறவர் காலைப் பார்ப்பதில்லை. தொடையிடுக்குப் படையின் ஊற்று பல சமயம் காலிலேயே இருக்கிறது. விரல் இடுக்கில் வெளுத்து ஊறிய சேற்றுப்புண், உள்ளங்காலில் மாவு பூசினாற்போல வறட்சி, மஞ்சளித்துத் தடித்த நகம். உள்ளாடை அணியும்போது பாதத்தை உரசிக்கொண்டு மேலே ஏறுகிறது. முதலில் காலுறை, பிறகு உள்ளாடை என்று வரிசையை மாற்றினாலே அந்த வழி அடைபடும். காலில் இருந்தால் அங்கேயும் அதே காலத்துக்கு மருந்து போட வேண்டும்.

உள்ளாடையும் துண்டும் தினமும் மாற வேண்டும். உதிர்ந்த செதிலில் இருக்கும் பூஞ்சை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். துணி தாங்குமானால் 60 டிகிரி நீரில் துவைக்கலாம். தாங்காது என்றால் தனியாகத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தித் தையல் ஓரங்களில் இஸ்திரி போடலாம். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் ஒரே சமயத்தில் சிகிச்சை. வீட்டுப் பூனைக்குட்டிக்கு வட்டவட்டமாக முடி உதிர்ந்திருந்தால் அதையும் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

அரிப்பு இல்லை, செதில் இல்லை. க்ரீம் போட மறக்கிற நாள் இதுதான். மேல்தோல் அடியிலிருந்து முளைத்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பூஞ்சை குடியிருக்கிற கெரட்டின் படலம், அதாவது தோலின் மேலடுக்கு, இன்னும் முழுதாக உதிரவில்லை. தொடரவும்.

ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடலாம், அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக வேண்டாம்.

ஜூன் 23, திங்கள்

க்ரீம் போய்ச் சேராத இடங்கள் உண்டு. தலையில் படை வந்து முடி ஒடிந்தால் க்ரீம் பயன்படாது. பூஞ்சை மயிர்க்காலுக்குள்ளே இருக்கிறது. குழந்தைக்கு அது வீங்கிச் சீழ் கோத்தாற்போல ஆனால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும், தாமதித்தால் தழும்பாகி அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகலாம். தாடிப் பகுதியும் அப்படித்தான். நகத்துக்குள்ளும் க்ரீம் இறங்காது. டெர்பினஃபைன் மாத்திரை என்றால் கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம் என்பது வழக்கமான கணக்கு. கல்லீரல் நிலையைப் பார்த்துத்தான் அதைத் தருவார்கள். உடம்பில் பல இடங்களில் பரவியிருந்தாலோ, கட்டுப்படாத சர்க்கரை நோய் இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர் என்றாலோ க்ரீமோடு மல்லுக்கட்டிக் காலத்தைக் கழிக்கக் கூடாது.

ஜூன் 26, வியாழன்

விட்டுப்போன எச்சரிக்கைகள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் மைக்கோனசோல் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ரத்தம் உறையாத தன்மை கூடும். வாய்க்குப் பூசும் மைக்கோனசோல் ஜெல்லில் இந்த ஆபத்து அதிகம். பிறப்புறுப்புப் பகுதியில் போடும் சில அசோல் க்ரீம்களால் லேடெக்ஸ் ஆணுறை வலுவிழக்கும். பாலூட்டும் தாய் மார்பில் போட்டால் அடுத்த முறை குழந்தைக்குக் கொடுக்குமுன் மெதுவாகத் துடைத்தெடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் கேட்டுவிட்டுத் தொடங்கவும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவவும்.

ஜூன் 30, திங்கள்

28 நாள் முடிந்தது. ஆறியதற்கு அடையாளம் மூன்று: செதில் இல்லை, விளிம்பில் தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை. பழுப்புக் கறை மட்டும் மிச்சம் இருக்கும். அது வீக்கம் விட்டுப்போன நிறம். மங்க மாதங்கள் ஆகலாம். கறை போக வேண்டும் என்று க்ரீமை நீட்டிக்க வேண்டாம். தேமலிலும் இதே குழப்பம்: பூஞ்சை போன பிறகும் வெளிறிய புள்ளி நிற்கும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் மாவு உதிர்கிறதா என்று பாருங்கள். உதிராவிட்டால் பெரும்பாலும் நோய் இல்லை, நிறம் திரும்பக் காத்திருப்பதுதான் மிச்சம்.

விளிம்பு இன்னும் தடித்தே இருந்தால் அதே ட்யூபை ஐந்தாம் வாரம் தொடர்வதில் பயனில்லை. நோய் வேறாக இருக்கலாம், காலிலோ வீட்டிலோ ஊற்று இருக்கலாம், முன்பு போட்ட ஸ்டீராய்டின் கைவரிசையாக இருக்கலாம். டெர்பினஃபைனுக்கு மசியாத ட்ரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்ற வகையும் இப்போது பல நாடுகளில் காணப்படுகிறது. அதைக் கண்டறிய வளர்ப்புச் சோதனையோடு மரபணுச் சோதனையும் தேவைப்படும். சுரண்டிப் பார்க்கும் இடத்துக்குப் போகும்போது பயன்படுத்திய ட்யூபையும் கையோடு கொண்டு போங்கள்; 'வெள்ளைக் க்ரீம்' என்று சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது.

மிஞ்சிய ஒரு கிராமை இன்னொருவர் படைக்குக் கொடுத்துவிட வேண்டாம். திறந்த தேதியை ட்யூபின் மேல் பேனாவால் எழுதி, மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில், பெட்டியோடு வையுங்கள்.