நினைவூட்டல் என்ற பெயரில் நாம் எழுதுவது

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு நாற்பது வரிகள் கொண்ட ஒரு பேட்ச், அதாவது நிரல் திருத்தம், அனுப்பினேன். நீளமான தமிழ்க் கோப்புப் பெயர்களைச் சுருக்கிக் காட்டும்போது அந்த மென்பொருள் மெய், உயிர்மெய் எழுத்துகளின் நடுவிலேயே வெட்டிவிடும்; புள்ளி ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நிற்கும். அதைச் சரிசெய்ய இரண்டு வார இறுதிகள் ஆயின. ஐந்து மாதங்களாகப் பதில் வரவில்லை. ஆறாவது மாதம், இந்தத் திட்டத்தை உண்மையிலேயே யாராவது பராமரிக்கிறார்களா, நேரம் இல்லையென்றால் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடலாமே என்று எழுதினேன். அப்போது அது எனக்கு நியாயமான கேள்வியாகவே பட்டது.

2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் விவகாரம் வெளியானது. அந்தத் திட்டத்தின் மின்னஞ்சல் குழுவில் 2022இல் நடந்த உரையாடல்களைப் பலரும் தோண்டியெடுத்துப் படித்தார்கள், நானும் படித்தேன். நான் எழுதியதைப் போன்ற வரிகள் அங்கே வேறு பெயர்களில் இருந்தன.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்குவதற்கான கருவி. லினக்ஸ் இயங்குதளத்தின் பெரும்பாலான விநியோகங்களில், அதாவது தொகுத்து வழங்கப்படும் வடிவங்களில், அது இருக்கும். அதன் நூலகத்தை, அதாவது பிற நிரல்களும் எடுத்தாளக்கூடிய நிரல் தொகுப்பை, வேறு பல நிரல்கள் பயன்படுத்துகின்றன. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸி கொலின் ஊதியமின்றி, பல ஆண்டுகளாக ஏறத்தாழத் தனியொருவராக அதைப் பராமரித்து வந்தார். 2021இன் இறுதியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பேட்ச்கள் அனுப்பத் தொடங்கினார். 2022இல் ஜிகர் குமார், டென்னிஸ் என்ஸ் என்ற பெயர்களில் புகார்கள் வந்தன: பேட்ச்கள் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன, புதிய பராமரிப்பாளர் வராமல் முன்னேற்றம் இருக்காது. அந்த ஜூன் மாதம் கொலின் எழுதிய பதிலைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. தனக்கு ஆர்வம் குறைந்துவிடவில்லை, நீண்டகால மனநலச் சிக்கல்களால் கவனம் செலுத்த முடியவில்லை, இது ஊதியமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று முன்பின் அறியாதவர்களிடம் அவர் விளக்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகும் நெருக்குதல் நிற்கவில்லை.

பிறகு நடந்தது இதுதான். ஜியா டான் படிப்படியாக நிரலை மாற்றும் உரிமைகளைப் பெற்று, 2023இல் வெளியீடுகளைத் தானே தயாரிக்கும் நிலைக்கு வந்தார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பிலும் மார்ச்சில் வந்த 5.6.1 பதிப்பிலும், சோதனைக் கோப்புகளுக்குள் மறைத்துவைக்கப்பட்ட ஒரு பின்கதவு, அதாவது வெளியாள் கணினிக்குள் ரகசியமாக நுழைவதற்கான வழி, இருந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத் திட்டத்தில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட், தொலைவிலுள்ள கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைவது ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்ததால்தான் அது, முக்கிய விநியோகங்களின் நிலையான பதிப்புகளுக்குள் நுழையும் முன்பே பிடிபட்டது. புகார் எழுதியவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே மறைந்துவிட்டிருந்தார்கள். அவை இந்தத் தாக்குதலுக்காகவே உருவாக்கப்பட்ட போலிப் பெயர்கள் என்றே ஆராய்ந்தவர்களில் பலரும் கருதுகிறார்கள்.

பின்கதவின் தொழில்நுட்ப நுணுக்கத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. என்னை இன்றுவரை உறுத்துவது அந்தப் புகார் மின்னஞ்சல்கள்தான், ஏனென்றால் அவற்றைப் படித்த யாருக்கும் அப்போது சந்தேகம் எழவில்லை. எழுவதற்கு வழியும் இல்லை. பராமரிப்பாளர்களிடம் நாம் வழக்கமாகப் பேசும் தொனி அதுதான். ஆயிரக்கணக்கான திட்டங்களில் நாள்தோறும் நல்லெண்ணம் உள்ளவர்களே எழுதும் வரிகளை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும், களைத்துப்போன ஒரு மனிதரைத் தள்ளிவிடலாம் என்று யாரோ ஒருவர் சரியாகக் கணித்திருந்தார்.

பங்களிப்பவரின் கண்ணுக்கு அவருடைய ஒரு பேட்ச்தான் தெரியும். அதற்கான உழைப்பு முடிந்துவிட்டது, ஏற்றுக்கொள்வது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை என்றே அவருக்குத் தோன்றும். நானும் பராமரிப்பாளராகி மறுபக்கம் உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. வந்த நிரலை வரிவரியாகப் படிக்க வேண்டும். தன்னிடம் இல்லாத கணினிகளிலும் பழைய பதிப்புகளிலும் அது ஓடுமா என்று யோசிக்க வேண்டும். எழுதியவர் வேறு வேலைக்குப் போய், பெயரும் மறந்துபோன பிறகு அந்த வரிகளில் பிழை வந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். யானையைப் பரிசாகக் கொடுப்பவர் கொடுத்துவிட்டுப் போய்விடலாம்; கட்டித் தீனி போடுவது வாங்கியவர் பாடு.

2020 அக்டோபரில் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்திய ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது இந்தச் சுமை எல்லை மீறியது. நான்கு புல் ரிக்வஸ்ட் (தன் மாற்றத்தைத் திட்டத்தில் சேர்க்கும்படி கேட்கும் கோரிக்கை) அனுப்பினால் ஒரு டி-சட்டை என்பது அறிவிப்பு. ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு பாராட்டுச் சொல்லைச் சேர்ப்பது, ஒரு காற்புள்ளியை நகர்த்துவது என்று கோரிக்கைகள் வந்து குவிந்தன. முதல் சில நாள்களிலேயே, விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்த அலையில் இந்திய மாணவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில், பங்களிப்பைக் காட்டும் பச்சைக் கட்டங்கள் இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள், மறுமுனையில் ஒரு மனிதர் இரவு பதினொரு மணிக்கு அதைத் திறந்து படிப்பார் என்பதைச் சொல்லித்தரவில்லை.

பராமரிப்பாளர்கள் பக்கமும் தவறுகள் உண்டு. பல ஆண்டுகளாகச் சக நிரலாளர்களிடம் கடுமையாக எழுதியதற்கு, 2018 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் விலகியிருந்தார். ஆனால் என் அனுபவத்தில் கடுஞ்சொல்லைவிட அதிகம் பேரை விரட்டுவது மௌனம். வேண்டாம் என்ற சொல் வந்தால் ஒருவர் வருத்தப்பட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பதிலே வராவிட்டால் தன் நிரலில் குறையா, தன்னிடம் குறையா என்று மாதக்கணக்கில் யோசிப்பார்.

இதையும் நான் செய்தே கற்றேன். டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியாக்கங்களில் உள்ள தமிழ் உரையை யூனிகோடுக்கு மாற்றும் ஒரு சிறு நூலகத்தை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவர் 1,900 வரிகள் மாறிய ஒரே புல் ரிக்வஸ்டை அனுப்பினார். உழைப்பு அசாத்தியமானது. ஆனால் எழுத்துகளை மாற்றுவதற்கான புதிய அட்டவணை, பிழைத்திருத்தம், நூலகத்தின் உள்ளமைப்பையே மாற்றி எழுதியது எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தன. எப்படி மறுப்பது என்று தெரியாமல் மூன்று வாரம் நான் பதில் எழுதவில்லை. பிறகு அவரே எழுதினார்: "அண்ணா, இது உங்களுக்குத் தேவைப்படாது என்றால் சொல்லிவிடுங்கள், நான் மூடிவிடுகிறேன்."

அன்றிரவே தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொன்னேன். முதல் இரண்டும் சேர்ந்துவிட்டன. மூன்றாவதை ஏற்க முடியவில்லை. அந்தக் குறியாக்கங்களில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். யூனிகோடில் பின்னால் வர வேண்டும். இடம் மாற்றும் விதியை அவர் எழுதிய முறை என்னுடையதைவிட அழகானது, ஆனால் பிழையுள்ள பழைய கோப்புகளில் வேறு விடை தருகிறது. அந்தக் கோப்புகளை முன்பே மாற்றிவைத்திருப்பவர்களுக்கு இரண்டு பதிப்புகளின் விடைகளும் ஒத்துப்போகாது. இதை எடுத்துக்காட்டுகளுடன் இரண்டு பக்கத்துக்கு விளக்கி எழுதினேன். புரிகிறது என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அதன் பிறகு அவர் எதுவும் அனுப்பவில்லை. அவர் சேர்த்த அட்டவணையில் பிழை இருப்பதாகப் போன மாதம் ஒருவர் தெரிவித்திருந்தார், அதை இப்போது நான் திருத்திக்கொண்டிருக்கிறேன்.